பிரேக் மாஸ்டர் கிட்டார் எடுத்தபோது

என் அக்கா புருஷனுக்கு இந்த ஊரில் சிஷ்யர்கள் அதிகம். எந்தச் சிக்னலில் நின்றாலும் பக்கத்து வண்டியில் யாராவது கண்ணாடியை இறக்கி, நல்லா இருக்கீங்களா மாஸ்டர் என்று கேட்பார்கள். அத்தான் தலையசைப்பார். பச்சை விழுந்ததும் அந்த ஆள் கிளட்சை எப்படி விடுகிறார் என்று பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, இன்னும் திருந்தலை என்பார்.

அவர் டிரைவிங் ஸ்கூலில் வேலை பார்க்கிறார். கற்றுக்கொள்ள வருகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். அத்தான் பக்கத்து இருக்கையில் மடியில் கையை வைத்து உட்கார்ந்திருப்பார். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவருக்குப் பயம் வருவதற்கு முன்பே அத்தானுக்கு வந்துவிடும், கால் இறங்கிவிடும். வண்டி நின்ற பிறகுதான் எதிரே நாய் வந்ததே மற்றவருக்குத் தெரியும். அதனால் அவருக்குப் பிரேக் மாஸ்டர் என்று பெயர். அவர் வண்டியில் இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை. அதை அவரே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிடுவார்.

நாளெல்லாம் அப்படி அசையாமல் இருக்கிற மனிதர், வீட்டுக்கு வந்தால் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி அலைவார். நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருப்பார், எழுந்தால் ஜன்னலுக்குப் போவார், ஜன்னலில் பார்க்க ஒன்றும் இருக்காது, திரும்ப வருவார். சாப்பிடும்போது மேசைக்கு அடியில் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் டம்ளரில் அலை அடிக்கும். அக்கா மருத்துவமனையில் ரத்தம் எடுக்கிறவள். ஊசிமுனையில் பிழைப்பு நடத்துகிறவளுக்கு ஆடுகிற கால் கண்ணில் விழுந்த தூசி மாதிரி. ஒருநாள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். மூக்குக்கும் காதுக்கும் ஏற்ற மாதிரி சட்டங்களை வளைத்துக் கொடுப்பது என் வேலை. மற்ற நேரத்தில் பேஸ் கிட்டார் வாசிப்பேன், பாடுவேன். பாடுவேன் என்று எழுதினால் எங்கள் அம்மா சண்டைக்கு வருவாள். கத்துவேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதற்கு ஒரு வடிகால் வேண்டுமில்லையா. தெருமுனை ரொட்டிக்கடைக்காரர் டிரம்ஸ் வாசிப்பார். காலை ரொட்டி இறங்கி, மாலை ரொட்டிக்கு அடுப்பு ஏறுவதற்கு நடுவில், கடைக்குப் பின்னால் இருக்கிற மாவு மூட்டை அறையில்தான் எங்கள் ஒத்திகை. மூன்றாவதாகக் கிட்டார் வாசித்த ஆள் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். நாங்கள் வாசிப்பது பங்க், வேகமும் கத்தலுமான பாட்டு. கிட்டார் இல்லாமல் அது எப்படி இருக்கும் என்றால், கதவைத் தட்டிக்கொண்டே ஒரு பெண் திட்டுகிற மாதிரி இருக்கும்.

அப்போதெல்லாம் என் ஆம்ப்பை, கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டியை, வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிடுவது அத்தான்தான். இறக்கியதும் போக மாட்டார். மூட்டைகளில் சாய்ந்து நின்று கேட்பார். ஒருநாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் சில மாதங்களாக ஒரு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கி வீட்டில் ஹெட்போனில் வாசித்துப் பழகுவதாகச் சொன்னார். எங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் எங்களோடு வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். ரொட்டிக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். எதற்கு மாஸ்டர் இந்த வயசில் என்று அவர் கேட்டுவிட்டார். அத்தான் மூட்டையிலிருந்து நிமிர்ந்தார்.

"நாள் பூரா வண்டி ஓடுது. நான் ஓட்டலை. எனக்கு ஒரு தடவையாவது பெருசா ஒரு சத்தம் போடணும்."

அதைக் கேட்ட பிறகு வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

மறுவாரம் கிட்டாரோடும், ஒரு சின்ன ஆம்ப்போடும், புத்தம்புது டிஸ்டார்ஷன் பெடலோடும் வந்தார். காலால் அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும். கிட்டாரின் சுத்தமான ஓசை நொறுங்கி உறுமலாக மாறும். மறுபடி அமுக்கினால் விளக்கு அணையும்; உறுமல் போய்விடும். எவ்வளவு நொறுங்க வேண்டும் என்பதைக் கெயின் என்ற குமிழ் முடிவு செய்யும். அத்தான் அதைக் கடைசிவரை திருப்பி வைத்திருந்தார். ஆம்ப்பில் அடித்தொனியான பேஸ் முழுசு, கீச்சுத்தொனியான ட்ரெபிள் முழுசு, நடுவில் இருக்கிற மிட் பூஜ்ஜியம். வீட்டில் தனியாக வாசித்தபோது அலமாரிக் கண்ணாடி அதிர்ந்ததாம். எதிர்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் ரொட்டிக்கடைக்காரர் டிரம்ஸை ஆரம்பித்து, நானும் சேர்ந்ததும் அந்தச் சத்தம் காணாமல் போய்விட்டது. வாசிக்கிறார், கை அசைகிறது, கேட்பதோ எங்கோ ஒரு தேனீக்கூட்டம். அத்தான் வால்யூமைக் கூட்டினார். தேனீக்கள் பெருகின. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அத்தானுக்கு முதலில் ஆம்ப் கோணல், பிறகு பெடல் கோணல். கடைசியில், மாவு மூட்டைகள் சத்தத்தை உறிஞ்சுகின்றன என்றார். கடைசிப் புகாரில் கொஞ்சம் உண்மை இருந்தது.

பல கிட்டார்காரர்களின் முதுகைப் பார்த்தே காலம் தள்ளியவர் ரொட்டிக்கடைக்காரர். அவர் எழுந்துவந்து கெயினைப் பாதியாகக் குறைத்தார். பேஸைக் குறைத்தார், அந்த இடம் என்னுடையது. மிட்டை ஏற்றினார். தரையில் இருந்துகொண்டு கணுக்காலுக்குக் கச்சேரி நடத்திய ஆம்ப்பைத் தூக்கி நாற்காலி மேல் வைத்தார். இப்போது தனியாக வாசித்தால் சளி பிடித்த மூக்கு மாதிரிதான் கேட்கும், எல்லோரும் சேரும்போது பாருங்கள் என்றார். அத்தானுக்கு மனமே இல்லை. தன் வீட்டுச் சுவரை இடிக்கிறார்கள் என்பது போல அந்தக் குமிழ்களையே பார்த்துக்கொண்டு நின்றார். சேர்ந்து வாசித்ததும் கிட்டார் கேட்டது. கேட்டதோடு, அவர் செய்யும் தப்புகளும் கேட்டன.

அடுத்தது என் பங்கு. ஆறு கம்பியையும் சேர்த்து அடித்துக்கொண்டிருந்தார். டிஸ்டார்ஷனில் அப்படி அடித்தால், சொத்துத் தகராறில் ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிற கதைதான். தடித்த கம்பிகள் இரண்டு மட்டும் போதும். விரல் வடிவம் ஒன்றே, அதை மேலும் கீழும் நகர்த்தினால் பாட்டு முழுதும் வாசித்துவிடலாம் என்று காட்டினேன். அது அவருக்குச் சட்டென்று பிடித்துவிட்டது, கியர் மாதிரி என்றார். அதற்குப் பிறகு நகர்த்தும்போதெல்லாம், "ரெண்டாவது... மூணாவது... திரும்ப ரெண்டு" என்று முணுமுணுப்பார். வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகள் முடிகிற இடத்தில் லேசாக வைத்து அடிக்கவும் கற்றுக்கொண்டார். ஓசை நீளாமல் கட்டை கட்டையாக விழும். மேலும் கீழுமாக வருடாமல் எல்லா அடியும் கீழ்நோக்கியே விழ வேண்டும் என்று ரொட்டிக்கடைக்காரர் சொன்னார். அத்தானின் மணிக்கட்டு வீங்கியது. அக்கா அதற்கு மருந்து தடவிக்கொண்டே அவரையும் என்னையும் சேர்த்துத் திட்டினாள்.

பிறகு ஒரு மத்தியானம் அந்தச் சத்தம் வந்தது. எங்களிடம் வேகமான பாட்டு ஒன்று உண்டு. என் கடை முதலாளியை மனதில் வைத்து நானே எழுதியது. அதன் முதல் வரியில் அத்தான் வலது கையை இறக்கியதும் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் தகரக் கதவு கிடுகிடுத்தது. அடி கெட்டியாக, ஓரம் கரடுமுரடாக, நடுவில் எலும்போடு இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. ஆனால் பல்லவிக்கு வந்ததும் பொசுக்கென்று போய்விட்டது. சுத்தமான, ஒல்லியான, பள்ளிக்கூடப் பிரார்த்தனை மாதிரி ஒரு கிட்டார் மட்டும் மிச்சமிருந்தது.

ஒயரை மாற்றினோம். பேட்டரியை மாற்றினோம். ரொட்டிக்கடைக்காரர் பெடலைத் திருகுளியால் திறந்து, உள்ளே படிந்திருந்த மாவை ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் தூரிகையால் சுத்தம் செய்தார். அவர் பெடலைக் குறை சொன்னார், நான் மின்சாரத்தைச் சொன்னேன், அத்தான் அடுப்புச் சூட்டைச் சொன்னார். அடுத்த ஒத்திகையிலும் அதே பாட்டு, அதே இடம், அதே பொசுக். மெதுவான பாட்டுகளில் ஒரு தொந்தரவும் இல்லை. ரொட்டிக்கடைக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. பல்லவி வந்தால் வேகத்தை ஏற்றிவிடுவார், கேட்டால் இல்லை என்று சாதிப்பார். அவர் ஏற்றுகிற அந்த இடத்தில்தான் சத்தம் போகிறது.

எனக்குத் தொண்டை கட்டியிருந்த ஒருநாள் பாடாமல் வெறுமனே வாசித்தேன். பாடும்போது நான் எதிர்ச் சுவரைப் பார்ப்பேன். அன்று தரையைப் பார்த்தேன். பல்லவி வந்தது. டிரம்ஸ் வேகம் ஏறியது. அத்தானின் செருப்புக் கால் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பியது, நேராகப் பெடலின் மேல் இறங்கியது, அழுத்தமாக நின்றது. சிவப்பு விளக்கு அணைந்தது.

நான் வாசிப்பதை நிறுத்தினேன். "அத்தான், உங்க காலைப் பாருங்க."

யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன காலைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தார். ரொட்டிக்கடைக்காரருக்கு விஷயம் புரிந்ததும் மூட்டை மேல் விழுந்து சிரித்தார். எழுந்தபோது தலைமுடி வெள்ளையாக இருந்தது. நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். அத்தான் சிரிக்கவில்லை.

"யாராவது வேகமா போனா அது தானாப் போயிடும்மா," என்றார். "நான் ஒண்ணும் பண்றதில்லை."

அன்று அவரோடு வீட்டுக்குப் போனபோது, அவர் உடை மாற்றும் நேரத்தில் அக்காவிடம் சொன்னேன். அவளும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. அவள் லைசென்ஸ் வாங்கிய விதத்தை அன்றுதான் எனக்குச் சொன்னாள். முதலில் அத்தானிடம்தான் கற்றுக்கொள்ளப் போனாளாம். அவள் ஆக்ஸிலேட்டரைத் தொடுவாள், இவர் பிரேக்கைத் தொடுவார். ஒரு தெருவைத் தாண்ட முடியவில்லை. திட்டவே மாட்டாராம், குரலைக்கூட உயர்த்த மாட்டாராம். காலை மட்டும் வைப்பாராம். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், என்னை நம்பவில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை என்றாள். அதனால் அவருக்குத் தெரியாமல், அவருடைய போட்டி ஸ்கூலில் சேர்ந்து கற்றுக்கொண்டு, லைசென்ஸை மேசைமேல் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, படம் நல்லா விழுந்திருக்கு என்று மட்டும் சொன்னாராம். அன்றிலிருந்து அக்கா ஓட்டினால் அவர் பின் இருக்கையில்தான் உட்கார்வார். அங்கே கையை வைத்தும் காலை வைத்தும் ஒன்றும் செய்ய முடியாது. குடும்பத்தோடு போகும்போது அவர் முன் இருக்கையை எனக்கு விட்டுக்கொடுப்பதை மரியாதை என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெடலைக் காலுக்கு எட்டாமல் ஆம்ப் மேல் வைத்தோம். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. தீர்ந்தது பிரச்சினை என்று நினைத்தோம். பல்லவி வந்ததும் கால் வெறுந்தரையைப் போய் அமுக்கியது. அதோடு சேர்ந்து அத்தானின் வலது கையும் தளர்ந்தது. கம்பியை அடிக்காமல் தொட்டார். கெயினையும் மிட்டையும் எங்கே வைத்தாலும், தொட்டால் தொட்ட சத்தம்தான் வரும். மறுபடி தேனீ. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவருக்கு அது காலிலிருந்து கைக்கு ஏறியிருந்தது. இன்னும் பலமாக அடியுங்கள் என்றோம். அடித்தார், பல்லவி வரைக்கும். திரும்பத் திரும்ப வாசித்தோம். கடைசியில் நான் பொறுமையிழந்து என்னமோ சொன்னேன். அவர் விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு ஒரு பழைய கிடங்கில் நான்கைந்து குழுக்களோடு எங்களுக்கும் வாசிக்க இடம் கிடைத்திருந்தது. ரொட்டிக்கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் வெந்தது வேகாதது தெரிந்தவர். போன் ரிப்பேர் கடையில் இருக்கிற இளைஞன் நன்றாக வாசிக்கிறானாம், ஞாயிற்றுக்கிழமையும் மாஸ்டர் இப்படியே வாசித்தால் அடுத்த வாரம் அவனை வரச் சொல்லிவிடலாம் என்று என்னிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். அத்தான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டிய ஒயரை அவிழ்த்து மறுபடி சுருட்டியதில், கேட்டுவிட்டார் என்று தெரிந்தது.

அந்த வாரம் அவர் வீட்டில் உட்காரவே இல்லை என்றாள் அக்கா. கிட்டாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒயர்கூடச் செருகாமல், சமையலறைக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்தாராம். தூக்கத்தில் கால் இரண்டு முறை உதைத்ததாம். குழுவிலிருந்து அவரைத் தூக்கிவிட்டால் அந்த மனுஷர் அப்புறம் எதையுமே கேட்க மாட்டார், அப்படியே அடங்கிவிடுவார் என்று அக்கா என்னிடம் போனில் சொன்னாள். எனக்கும் அதுதான் பயம். ஆனால் சங்கீதத்தில் தயவு தாட்சண்யம் பார்த்தால் எல்லோருக்கும் காது வலிக்கும். அதையும் சொன்னேன். அக்கா போனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தானின் ஸ்கூல் வண்டி பழுதுபார்க்கப் போயிருந்தது. அக்கா தன் வண்டியை எடுத்துவந்தாள். பின் இருக்கை முழுக்க இரண்டு ஆம்ப், இரண்டு கிட்டார், டிரம்ஸின் தட்டுகள். மிச்சமிருந்த இடத்தில் நான் முழங்காலைத் தாடைக்குக் கொடுத்து அடைந்துகொண்டேன். வேறு வழியில்லாமல் அத்தான் முன்னால் உட்கார்ந்தார். பெல்ட்டைப் போட்டு, சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.

தெருக்களில் சமாளித்துவிட்டார். பாலத்தில் ஏறியதும் அக்கா கியரை மாற்றி வேகம் பிடித்தாள். நான் இருந்த இடத்திலிருந்து அவருடைய முழங்கால் தெரிந்தது. இறங்கியது. முன்னால் ஒரு லாரி, இறங்கியது. லாரியைத் தாண்ட அக்கா விளக்கைப் போட்டு விலகினாள். அத்தான் இருக்கையோடு ஒட்டிக்கொண்டு மிதித்த மிதியில் தரைவிரிப்பு சுருண்டது. அக்கா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மிதிங்க," என்றாள். "எவ்வளவு வேணுமோ மிதிங்க. அங்கே ஒண்ணும் இல்லை. நான் பார்த்துக்கறேன்."

அவள் குரலில் கேலி இல்லை. ஊசி குத்துவதற்கு முன் நோயாளியிடம் பேசுகிற குரல் அது. அத்தான் மிதித்தார். வண்டி தன் பாட்டுக்குப் போனது. மறுபடி மிதித்தார். பாலம் இறங்கும் இடத்தில், எதிரே ரவுண்டானா தெரிந்ததும் அக்காவே வேகத்தைக் குறைத்து, குலுங்காமல் உள்ளே நுழைந்து, சுற்றி வெளியே வந்தாள். அத்தானின் கால் அப்போது சும்மா இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப தூரம் போன பிறகு, "நல்லா ஓட்டுறே," என்றார். அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். அவள் மூக்கு சிவந்திருந்தது.

கிடங்கில் மரப்பலகையால் ஆன மேடை, சுவரோரம் சாய்ந்து நிற்கிற கொஞ்சம் பேர். போன் கடை இளைஞனும் வந்திருந்தான். மாஸ்டர் கைவிட்டால் இருக்கட்டும் என்று ரொட்டிக்கடைக்காரரே அவனை ஆம்ப்போடு வரச் சொல்லியிருக்கிறார். அத்தான் அவனைப் பார்த்தார், அவனுடைய ஆம்ப்பைப் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை. முதல் பாட்டு சுமாராகப் போனது. யாரும் கைதட்டவில்லை, யாரும் வெளியே போகவும் இல்லை. இரண்டாவது அந்த வேகப் பாட்டு.

பல்லவிக்கு வரும் முன்பே ரொட்டிக்கடைக்காரர் ஏற்றிவிட்டார். பயத்தில் வழக்கத்தைவிட அதிகமாக ஏற்றினார். அத்தானின் கால் எழும்பிப் பலகையில் இடியாக விழுந்தது. நான் அவர் கையைத்தான் பார்த்தேன். தளரப்போகிறது என்று நினைத்தேன். கை தளரவில்லை. அதே கெயின், அதே மிட், அதே சின்ன ஆம்ப். அதிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. கம்பியை அவர் அடித்த அடியில் விரலிடுக்கில் இருந்த பிளாஸ்டிக் பிக் உடைந்து தெறித்தது. மிச்சத் துண்டை வைத்துக்கொண்டே அடித்தார். சுவரில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். நான் என் முதலாளியைத் திட்டிய வரி ஒன்றும் யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை.

பாட்டு மூன்று அடியோடு முடியும். நாங்கள் மூன்று அடி கொடுத்து நிறுத்தினோம். அத்தான் நிறுத்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, அதே இரண்டு கம்பிகளை மேலும் கீழும் நகர்த்தி, கீழ்நோக்கி அடித்துக்கொண்டே இருந்தார். பாட்டு முடிந்தது அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தும் நிறுத்தவில்லையோ என்னவோ. அடுத்த குழு மேடையோரம் வந்து நின்றுவிட்டது. மானம் போகிறதே என்று, தோளைத் தட்டி நிறுத்த நான் கையை நீட்டிக்கொண்டு அவரிடம் போனேன்.

மேடைக்குக் கீழே அக்கா இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

நான் கையை இறக்கிக்கொண்டேன். ரொட்டிக்கடைக்காரர் குச்சிகளை மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்.